பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் சின்ன மனைகளில் கட்டின வீடுகள் பலதுக்கு அளவுகோல் என் வயிறு. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் இன்ஜினியர் கரீம் சார் அதை அப்படித்தான் வைத்திருந்தார். நடைவழிக்கு எவ்வளவு அகலம் விடலாம் என்று ஆபீஸில் பேச்சு வந்தால் புத்தகத்தைப் புரட்ட மாட்டார். “தயாளனைக் கூப்பிடுங்க” என்பார். நான் போய் இரண்டு மேஜைக்கு நடுவில் நுழைந்து மறுபக்கம் வரவேண்டும். உரசாமல் வந்தால் அது நடைவழி. உரசினால் இன்னும் மூன்று அங்குலம். நடுவிலேயே நின்றுவிட்டால் அந்த இடத்தில் பீரோ வைத்துவிடலாம்.

போன மாதம் சும்மா பழைய ஆபீஸுக்குப் போயிருந்தேன். ரிட்டையர் ஆனவன் வேறு எங்கே போவான்? இப்போது அங்கே இருக்கிற நிவேதா என்கிற சின்ன இன்ஜினியர், நீச்சல்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு பெரிய கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டாள். “நடங்கண்ணா, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச வீட்டுக்குள்ள போலாம்” என்றாள். போனேன். அடேயப்பா, சோபா இருக்கிறது, திரைச்சீலை ஆடுகிறது, மேஜைமேல் ஆப்பிள்கூட இருக்கிறது. அந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் நிஜ மேஜைமேல் இருந்த நிஜ டீயைக் கவிழ்த்துவிட்டேன்.

“எப்டிண்ணா இருக்குது?” என்றாள் நிவேதா, துடைத்துக்கொண்டே.

“ரொம்ப நல்லாயிருக்கும்மா. இதுல யாரு இருக்கப் போறாங்க?”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அது என் கேள்வி இல்லை, கரீம் சார் கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து கோடு போட்டவன் நான். “இன்னாண்ணா இப்படிக் கேக்கறீங்க? அந்தக் கதைய எழுதிக் குடுங்க, நம்ம இன்ஜினியர் சங்கத்து மலர்ல போடலாம்” என்றாள் நிவேதா. எழுதச் சொன்னவள் அவள், படிக்கிறவர்கள் நீங்கள், தப்பு என்மேல் இல்லை.

நான் படித்த கதை சின்னது. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் பென்சில் சீவினேன். இரண்டாம் வருஷம் சீவின பென்சிலால் கோடு போட்டேன். மூன்றாம் வருஷம் போட்ட கோட்டையெல்லாம் அழித்தேன். ஒருவழியாகக் கை படிந்துவந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

எங்களிடம் வந்தவர்கள் பெரிய பங்களாக்காரர்கள் இல்லை. ஷூ கம்பெனி சூப்பர்வைசர், வாத்தியார், நர்ஸ், லுங்கி நெய்கிறவர், இப்படித்தான். கடனைக் கிடனை வாங்கி ஊருக்குள் ஒரு துண்டு இடம் பிடித்திருப்பார்கள். அது மனை மாதிரி இருக்காது, எங்கள் ஊர் பெல்ட் மாதிரி இருக்கும். அகலம் பதினைந்து அடி, நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் எல்லாம் வேண்டும் என்பார்கள். பைக் நிறுத்தவேண்டும், பூஜையறையோ ஜெப அறையோ வேண்டும், ஊரிலிருந்து மச்சான் வந்தால் படுக்க ரூம் வேண்டும், மச்சான் சீக்கிரம் கிளம்புகிற மாதிரியும் இருக்கவேண்டும்.

கரீம் சார் வெள்ளை ஜிப்பா போடுவார். எப்பேர்ப்பட்ட சைட்டுக்குப் போனாலும் அதில் ஒரு துளி சிமெண்ட் படாது. அது எப்படி என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஆபீஸில் உட்கார்ந்திருந்தாலே என் சட்டையில் சாம்பார் வந்துவிடும். நான் வரைந்ததைக் கொண்டுபோய் வைத்தால், முதலில் தாளைத் தலைகீழாகத் திருப்புவார். வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொள்வார். தப்பு என்கிற வார்த்தையே அவர் வாயிலிருந்து வராது. “ரொம்ப நல்லாயிருக்கு தயாளன். இதுல யாரு இருக்கப் போறாங்க?” அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் சொல்லவேண்டும்: காலையில் அந்த வீட்டு அம்மா அடுப்பண்டை நிற்கும்போது வீட்டுக்காரர் எங்கே, பையன் எந்தக் கண்ணாடியில் தலை வாருகிறான், பெரியவர் எந்தப் பக்கம் காலை நீட்டுகிறார். ஒரே இடத்தில் இரண்டு பேர் வந்துவிட்டால் தீர்ந்தது. தாள் என்னிடமே திரும்பி வரும்.

அதற்குமேல் அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால், மனைமேலேயே சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் வீட்டை வரைந்துவிடுவோம். கீழ்த்தளத்துக்கு வெள்ளைக் கோடு, மாடிக்குக் காவிக் கோடு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து அதில் ஒரு காலை நேரம் குடித்தனம் பண்ணவேண்டும். பாயைப் போட்டுப் படுக்கவேண்டும், ஸ்டவ் இருக்கும் இடத்தில் நிற்கவேண்டும், பைக்கை உள்ளே ஏற்றவேண்டும். தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். வெட்கப்பட்டு முக்கால்வாசிப் பேர் முதலில் சுவர்மேல் நடந்து போவார்கள். “அம்மா, அது சுவர்மா! கதவைத் திறந்து வாங்க” என்று நான் கத்தவேண்டும். கோட்டுக்குள் குடித்தனம் நடத்திப் பார்த்ததில் எத்தனையோ சண்டைகளைக் கட்டடம் எழும்புவதற்கு முன்னாலேயே முடித்திருக்கிறோம். ஒரு கல்யாணம்கூட நின்றிருக்கிறது. அந்தக் கதை இங்கே வேண்டாம், பையன் வீட்டார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். எந்த ஊரில் மனை அளக்கவேண்டும் என்றாலும் அந்த ஊரில் கரண்ட் ஷட்டவுன் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் போவோம். அன்றைக்கு மிஷின் ஓடாது, அக்கம்பக்கத்து ஆளெல்லாம் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லைக்கல் எங்கே என்று கேட்டால், ஆளுக்கொரு பக்கம் கைகாட்டவாவது ஆள் கிடைக்கும். யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்கள். நிம்மதியான வேலை. அந்த நிம்மதி ஏன் வந்தது என்று நாங்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இப்போது எஸ்தர் வீட்டுக்கு வருகிறேன்.

தேவராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பகுதிக்கு சூப்பர்வைசர். அவர் சம்சாரம் எஸ்தர், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பிள்ளைகள். தேவராஜின் அப்பா சாமுவேல் வாத்தியார், ரிட்டையர் ஆனவர், சமையலில் புலி. வேலூரில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு, வாத்தியார் சொந்த ஊரான குடியாத்தத்தில் ஒரு பெல்ட் மனை வாங்கியிருந்தார்கள். பதினைந்துக்கு முப்பத்தெட்டு. இரண்டு பக்கமும் வீடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆபீஸுக்கு ஐந்து பேரும் வந்தார்கள். வாத்தியார்தான் முதலில் ஆரம்பித்தார். “ஹால் பெருசா இருக்கணும் சார். வெள்ளிக்கெழம சாயங்காலம் ஜெபக்கூட்டம். முப்பது பேரு உக்காந்து பாடணும்.”

“அப்பா, முப்பது பேரு உக்காந்தா நாம எங்க உக்கார்றது?” என்றார் தேவராஜ்.

“நாமளும் அந்த முப்பதுல சேர்த்தி தாண்டா.”

அப்புறம் பைக், பீரோ, துவைக்கிற கல் எல்லாம் வந்தது. எல்லாம் முடிந்து அவர்கள் மூச்சு வாங்கியபோது கரீம் சார் எஸ்தரைப் பார்த்தார். “நீங்க ஒண்ணுமே கேக்கலியேம்மா?”

“எனக்குப் பகல்ல தூங்க ஒரு எடம் வேணும் சார். வேற ஒண்ணும் வேணாம்.”

அவருக்கு நைட் டியூட்டிதான் ஜாஸ்தி. காலையில் வந்து படுத்தால் ஒண்டுக்குடித்தனத்தில் குழாயடிச் சண்டை, குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி. “போன வாரம் ஊசி மருந்த எடுத்துக் கையில வெச்சுகினு, எந்தக் கட்டிலுக்குன்னு மறந்து நின்னுட்டேன் சார். கூட இருந்த சிஸ்டர் தோளத் தட்டுனாங்க. ஒண்ணும் ஆவல. ஆனா அன்னையிலர்ந்து பயமா இருக்குது. புது வீட்லயும் தூக்கம் வரலன்னா நான் வேலைய விட்டுடுவேன்.”

வீட்டுக் கடனே எஸ்தர் சம்பளத்தை வைத்துத்தான் கிடைக்கிறது. வேலையை விட்டால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் வீடு இல்லை. வாத்தியார்கூட அதற்கப்புறம் ஹாலைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கு மட்டும்.

நான் குஷியாகிவிட்டேன். தூக்கம் என்றால் நம் சப்ஜெக்ட் ஆயிற்றே! ஆபீஸில் மத்தியானம் கண் திறந்தபடியே தூங்குகிற ஒரே டிராஃப்ட்ஸ்மேன் நான்தான். வழக்கம்போலக் குடியாத்தம் ஷட்டவுன் நாளில் போய் மனையை அளந்தேன். பின்பக்கம் ஒரு நீளமான ஓட்டு ஷெட். ஈ, காக்காய் சத்தமில்லை. ‘பின்புறம் குடோன், மிக அமைதி’ என்று எழுதிக்கொண்டு வந்தேன். தெருவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, கீழ்த்தளத்தில் கடைசியாக எஸ்தர் ரூமைப் போட்டேன். ஜன்னல் ஷெட் பக்கமாக. கரீம் சார் தாளைத் தலைகீழாகப் பார்த்தார், கிராம்பைக் கடித்தார், கேள்வி கேட்டார். நான் மணி மணியாகப் பதில் சொன்னேன். பாஸ்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிளான் அனுமதியும் வந்தது. திங்கட்கிழமை கடைக்காலுக்கு ஜெபம் என்று நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின சனிக்கிழமை சுண்ணாம்புக் குடித்தனம். எஸ்தர் நைட் டியூட்டி முடிந்து நேராக பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் பை, கண் இரண்டும் சிவந்து கிடந்தது. அதற்கு முன்னால் அவர் மனையைப் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து.

எல்லாம் அமர்க்களமாகப் போனது. வாத்தியார் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட்டுக்குத் தொண்டையைச் செருமினார். பிள்ளைகள் காவிக் கோட்டில் ஓடிக்கொண்டே, “நாங்க மாடில இருக்கோம், எங்கள யாரும் தொட முடியாது!” என்றார்கள். நடைவழியில் என்னை விட்டார்கள், நான் உரசாமல் போனேன், தெரு கைதட்டியது. எஸ்தர் தன் ரூமுக்குப் போனார். ஒழுங்காகக் கதவைத் திறந்து, உள்ளே போய், கதவைச் சாத்தினார். இல்லாத கதவுதான். பாயை விரித்தார். ஷெட் நிழல் சரியாக அந்த ரூம்மேல் விழுந்திருந்தது. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார்.

தூங்கிவிட்டார்.

நடிப்பு இல்லை, நிஜத் தூக்கம். வெட்டவெளியில், தெருவே பார்த்துக்கொண்டு நிற்க, நான் போட்ட கோட்டுக்குள் ஒரு மனுஷி தூங்குகிறார்! எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. கரீம் சார் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்று புருவத்தைத் தூக்கினேன். யாரும் வெள்ளைக் கோட்டைத் தாண்டவில்லை. பிள்ளைகள்கூட மாடியில் மெதுவாக நடந்தார்கள்.

அப்போது எதிர் வீட்டிலிருந்து ஒரு சந்தோஷக் குரல். “கரண்ட் வந்துடுச்சுடோய்!”

டக். டடக். டக் டடக். அடுத்த நிமிஷம் மொத்த ஷெட்டும் ஓட ஆரம்பித்தது. குடோனாவது மண்ணாவது, அது விசைத்தறி ஷெட். லுங்கி ஓடுகிறது. எஸ்தர் நெருப்பு பட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இன்னாம்மா, இன்னா ஆச்சு?” என்றார் வாத்தியார்.

“சத்தம் மாமா.”

“இன்னா சத்தம்?” என்று வாத்தியார் நிஜமாகவே காதைத் தீட்டினார். குடியாத்தத்தில் பிறந்தவருக்குத் தறிச் சத்தம் காற்று மாதிரி. தேவராஜுக்கும் கேட்கவில்லை. கம்பெனியில் நாளெல்லாம் அழுத்தும் மிஷின் பக்கத்தில் நிற்கிற காது அது. எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. என் வயிறே அதிர்ந்தது.

எஸ்தர் கோபப்படவில்லை. பாயைச் சுருட்டினார். “பரவால்லண்ணா. நீங்க இன்னா பண்ணுவீங்க. நான் வேலைய விட்டுடறேன்” என்றார் என்னிடம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த “பரவால்லண்ணா” இருக்கிறதே, அது எனக்கு ஒரு வாரம் சாப்பாட்டைக் குறைத்தது. நம்புங்கள், இரண்டு இட்லி கம்மியாகத்தான் தின்றேன்.

அப்போது கரீம் சார் ஒரு காரியம் செய்தார். அந்த வெள்ளை ஜிப்பாவோடு மண்ணில் மல்லாந்து படுத்தார். அப்புறம் ஒருக்களித்து, காதைத் தரையில் வைத்தார். ஷெட் மதில்மேல் ஒரு தலை எட்டிப்பார்த்தது, தறிக்காரர் லோகநாதன்.

“இன்னா சார், யாருக்காச்சும் மயக்கமா?”

“இல்லீங்க. உங்க தறி எப்டி நடக்குதுன்னு கேக்கறேன்.”

“அதுக்கு ஏன் சார் மண்ணுல படுக்கறீங்க? பஸ் ஸ்டாண்டுல நின்னாலே கேக்குமே.” சிரித்தவர், எஸ்தர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “நிறுத்தச் சொல்லிடாதீங்க சார். எங்க சோறு அதுல ஓடுது.”

“நிறுத்த வேணாம். நல்லா ஓட்டுங்க. நாங்க கொஞ்சம் அளந்துக்கறோம்” என்றார் சார், படுத்தபடியே. எஸ்தரின் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை வாங்கி, தண்ணீர் ஊற்றிப் பின் மதிலை ஒட்டி வைக்கச் சொன்னார். தண்ணீர்மேல் வட்டம் வட்டமாக அலை. இரண்டடி முன்னால் வைத்தோம், அலை. இன்னும் இரண்டடி. நான் குனிந்து குனிந்து டம்ளரை நகர்த்த, சார் முழங்காலில் தவழ்ந்து வந்து பார்த்தார். மனையின் நடுப்பகுதிக்கு வந்ததும் தண்ணீர் அசையாமல் நின்றது. டம்ளருக்குப் பதிலாக என்னை நிறுத்தியிருந்தாலே தெரிந்திருக்கும். அங்கே வந்ததும் என் வயிறும் நின்றுவிட்டது.

சார் எழுந்தார். ஜிப்பா முழுக்க மண்ணும் சுண்ணாம்பும். “தப்பு தறிக்காரர்மேல இல்ல” என்றார். “நாம கரண்ட் இல்லாத ஊருக்கு வீடு வரைஞ்சிட்டோம் தயாளன்.” அவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். அதிலும் ‘நாம’ என்றார். நான் மட்டும் அளந்ததற்கு ‘நாம’.

திங்கட்கிழமை ஜெபத்தைத் தள்ளிப்போட்டார்கள். வாத்தியார் முறைத்துக்கொண்டே சம்மதித்தார்.

மறுநாள் ஞாயிறு. ஆனாலும் தேவராஜ் ஆபீஸுக்கு வந்துவிட்டார், கையில் ஒரு கவர். பிரித்துக் கொட்டினார். ஹால், சமையலறை, கட்டில், பீரோ, எல்லாம் அட்டையில் வெட்டின துண்டுகள். “எங்க வேலைல இதாண்ணா கஷ்டமே. தோல்ல நல்ல எடம், மோசமான எடம் இருக்கும். நல்ல எடத்துல ஷூவோட முகப்பு வெட்டணும். சொறி, தழும்பு இருக்கற ஓரத்துல சின்னச் சின்னப் பீஸு. ராத்திரியெல்லாம் அடுக்குனேன். பாருங்க, ஒரு அங்குலம் வேஸ்ட் இல்ல!”

நிஜமாகவே இல்லை. பதினைந்துக்கு முப்பத்தெட்டில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பல் வரிசை மாதிரி இருந்தது. கரீம் சார் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கிராம்பு. “ரொம்ப நல்லாயிருக்கு தேவராஜ். இதுல யாரு இருக்கப் போறாங்க?”

“நாங்கதான் சார்.”

“எந்த வழியா உள்ள போவீங்க?”

தேவராஜ் பார்த்தார். ஹாலிலிருந்து சமையலறைக்கு வழி இல்லை. சமையலறையிலிருந்து எதற்குமே வழி இல்லை. கட்டிலில் ஏறிக் குதித்தால்தான் கக்கூஸ். நான் சிரித்த சிரிப்பில் ஒரு பீரோவும் இரண்டு கட்டிலும் பறந்துபோயின. “தோல்ல வேஸ்ட்டுன்னா வேஸ்ட்டுதான். வீட்ல வேஸ்ட்டுலதான்யா மனுசன் நடக்கறான்” என்றார் சார். தேவராஜும் சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தச் சொறி, தழும்பு பேச்சு என் தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. தறிப் பக்கம் இருக்கிற பின்பாகம்தான் தழும்பு. அங்கே என்ன வைத்தால் வீட்டில் யாருக்கும் பாதகம் இல்லை? பென்சிலை எடுத்தேன். கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. கோடு தானாக ஓட ஆரம்பித்தது. மாடிப்படியைப் பின்னால் தள்ளு! பாத்ரூமை அதன் பக்கத்தில்! அதுக்கு முன்னால் சுவர் முழுக்கத் துணி அலமாரி! எஸ்தர் ரூமை மாடியில், நடு மனைக்குமேல், டம்ளர் நின்ற இடத்தில்! காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பக்கத்தில் ஆகாயம் பார்த்த ஒரு சின்ன சந்து, மொட்டைமாடி வரைக்கும். தெருப் பக்கம் பிள்ளைகள் ரூம், பகலில் அதுகள் ஸ்கூலில்.

“கீழ?” என்றார் சார்.

“நடுவுல ஹால் சார்.”

“பகல் பதினோரு மணிக்கு அந்த ஹால்ல யாரு இருப்பாங்க?”

“வாத்தியார். அவரு சமையல்ல இருப்பாரு.”

“சமையல் எங்க?”

நான் தாளைப் பார்த்தேன். இடம் தெருப் பக்கம்தான் மிச்சம். “முன்னாடி சார். வாசல ஒட்டி.”

வீட்டுக்கு முன்னால் சமையலறையா! எங்கள் ஆபீஸ் சரித்திரத்திலேயே கிடையாது. தேவராஜ், “அப்பா ஒத்துக்க மாட்டாரு” என்றார். ஆனால் சார் கண்ணில் ஒரு மின்னல். மறுநாளே வாத்தியாரை வரவழைத்தார்.

“சமையல்கட்ட எவனாச்சும் தெருவுல வெப்பானா? வர்றவன் போறவன் எல்லாம் என் கொழம்ப எட்டிப் பாக்கறதுக்கா?”

“பாக்கட்டும் வாத்தியாரே. ஜன்னல்லர்ந்தே காய்கறி வண்டிய நிறுத்திப் பேரம் பேசலாம். தெருவுல ஒரு ஆளு உங்க கண்ணத் தப்பிப் போவ முடியாது. ஹால் வேற நடுவுல, முன்ன விடப் பெருசு” என்றார் சார்.

வாத்தியார் யோசித்தார். “ஜன்னல் எவ்ளோ பெருசு?” என்றார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

எஸ்தர் புது பிளானைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். “ஹால்லர்ந்து சத்தம் மேல வராதா?” அதற்கு என்னிடம் பதில் இருந்தது. என் வாலிபம் முழுக்க சினிமா கொட்டகையில் வீணாகப் போனது என்று என் அப்பா சொல்வார். வீணாகவில்லை. கொட்டகையில் வெளிக்கதவு ஒன்று, அப்புறம் ஒரு இருட்டு, அப்புறம் உள்கதவு. வெளியே முறுக்கு விற்கிறவன் கத்தினாலும் உள்ளே வராது. எஸ்தர் ரூமுக்கும் இரண்டு கதவு போட்டேன். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி. இடம் போதாமல் அந்த இடைவெளி மட்டும் என் வயிற்று அளவை விட இரண்டு அங்குலம் கம்மி. “அது நீங்க போற எடம் இல்ல, எஸ்தர் போற எடம்” என்று சார் அனுமதி கொடுத்தார்.

“தூக்கம் வரும்னு எழுதித் தருவீங்களா சார்?” என்றார் எஸ்தர். கேலியாகக் கேட்கவில்லை.

“எழுதித் தர முடியாதும்மா. ஆனா உங்களுக்கு முன்னாடி ஒரு ஆள அனுப்பித் தூங்கச் சொல்றேன்.”

அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். புது பிளானுக்கு மறுபடி அனுமதி வாங்கி, வீடு எழும்பி, பூச்சு முடிந்து கதவு மாட்டினதும், ஒரு நாள் பகலில் தறி முழு வீச்சில் ஓடும்போது என்னை அந்த ரூமில் படுக்கவைத்தார்கள். பிரமாதமான தூக்கம். நான் எழுந்திருக்காததால் மேஸ்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜன்னலில் நின்று நான் கத்த, தறிக்காரர் லோகநாதன் வந்துதான் மீட்டார். ஆனால் எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். “பஸ்ஸுல நின்னுகினே தூங்கறவரு தயாளண்ணா. அவரு தூங்குனத வெச்சு இன்னா தெரியும்?” நியாயம்தான். ஆக, கடைசி வரைக்கும் எங்களில் யாருக்கும் தெரியாது.

புதுமனை புகுகிற பிரதிஷ்டை விழாவைத் தறி ஓடுகிற நாளில்தான் வைக்கவேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்தார். அன்றைக்கு ஷட்டவுன் இல்லையே என்று கரண்ட் ஆபீஸுக்கு போன் போட்டு வேறு கேட்டுக்கொண்டார். எஸ்தருக்கு லீவு கிடைக்கவில்லை. முந்தின ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் வந்து இறங்கினார். “சேலை மாத்திகினு வர்றேன்” என்று மாடிக்குப் போனார்.

நான் இரண்டாம் கதவின் தாழ்ப்பாள் சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்கலாமென்று மாடிக்குப் போனேன். எஸ்தர் அதற்குள் கீழே போயிருப்பார் என்று நினைத்தேன். வெளிக்கதவைத் திறந்து, மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே அமுக்கி, நுழைந்து, பின்னால் கதவைச் சாத்தினேன். சட்டென்று உலகமே நின்றது. தறி இல்லை. கீழே பிரியாணி அண்டா உருளுகிற சத்தம் இல்லை. நான் அசைய முடியாமல் இருட்டில் சிக்கி நிற்கிறேன், முன்னால் உள்கதவு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்தது. குறட்டை. என்னுடையதை விட ரொம்ப நாகரிகமான குறட்டை.

திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வெளியே வந்தேன். சட்டையில் ஒரு பொத்தான் அங்கேயே விழுந்துவிட்டது. கீழே பாஸ்டர் காத்திருக்கிறார், தேவராஜ் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். “எஸ்தரப் பாத்தீங்களாண்ணா?”

கரீம் சாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். அவர் ஒரு கிராம்பை எடுத்தார், வாயில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

விஷயம் வாத்தியார் காதுக்குப் போனது. ஹாலில் முப்பது பேருக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மாடியைப் பார்த்தார். “அப்ப பாட்டு வேணாம், ஜெபத்தோட முடிச்சிக்கலாம்” என்று பாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார். எத்தனை நாள் அந்த ஹாலுக்காகச் சண்டை போட்டவர்!

“பாடுங்க வாத்தியாரே!” என்றேன் நான். ஆவேசம் வந்துவிட்டது எனக்கு. “நல்லா சத்தமா பாடுங்க. பின்னாடி தறியும் ஓடட்டும். மேல ஒண்ணும் கேக்காது!”

பாடினார்கள். டோலக் அடித்தார்கள். லோகநாதன்கூட ஷெட்டை ஓடவிட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. சாப்பாட்டுப் பந்தி நடந்தது, தாம்பூலம் கொடுத்தார்கள், சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். நானும் சாரும் மட்டும் போகாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தோம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி.

வெயில் தாழ்ந்த நேரத்தில் எஸ்தர் படியிறங்கி வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு. கட்டின புதுச்சேலை கசங்கிக் கிடந்தது. கூட்டிப் பெருக்கின ஹாலையும், அடுக்கி வைத்த நாற்காலிகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னாங்க,” என்றார் தேவராஜிடம், “எல்லாரும் எப்ப வருவாங்க?”